முன்சக்கர கேம்பர் (முன்னாலிருந்து பார்த்தால் தெரியும் சக்கரச் சாய்வு) எவ்வளவு வைக்கலாம்?

நண்பர்களே, என் கார் முன்சக்கர இயக்கம், முன் சஸ்பென்ஷன் மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட் வகை. வளைவில் கொஞ்சம் வேகமாகத் திருப்பினால் முன்பக்கம் வெளியே தள்ளிக்கொண்டே போகிறது. முன் டயர்களின் வெளி ஓரம் மட்டும் மழமழவென்று தேய்ந்துவிட்டது. உள்பக்கம் புதுசு மாதிரி இருக்கிறது. காற்றழுத்தம் சரி, பால் ஜாயின்ட்டில் (சக்கரத்தை சஸ்பென்ஷனோடு இணைக்கும் மூட்டு) ஆட்டம் இல்லை.

இப்போது கேம்பர் மைனஸ் 0.5 டிகிரி, அதாவது சக்கரத்தின் மேல்பக்கம் அவ்வளவு உள்ளே சாய்ந்திருக்கிறது. இந்தச் சாய்வை மாற்ற உதவும் கேம்பர் போல்ட் போட்டு மைனஸ் 1.5 வரை கொண்டுபோகலாம் என்று நினைக்கிறேன். கேம்பரைத் தொட்டால் டோவும் (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு) நகரும், அதனால் கடைசியில் டோவைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவரச் சொல்வேன். பின்சக்கர டோ-இன் (சக்கரங்களின் முன்பக்கம் உள்நோக்கித் திரும்பியிருப்பது) அப்படியே இருக்கட்டும். பிரேக் பிடிக்கும்போது வால் ஆடினால் எனக்குப் பயம்!

தினசரி ஓட்டமும் இதே காரில்தான். உள் ஓரம் சீக்கிரம் தேயுமா? போல்ட் நாளடைவில் நழுவுமா, ஸ்ட்ரட்டின் மேல்முனையில் போடும் கேம்பர் பிளேட்டே மேலா? அப்புறம், அளவெடுக்கும்போது ஓட்டுநர் எடையை இருக்கையில் வைப்பீர்களா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.