லேசரில் அச்சிட்ட டைட்டானியம் 6-4: 650 டிகிரி போதுமா, 800 வேண்டுமா?

உலைவாசல்:
லேசர் பவுடர் முறையில் (உலோகத் தூளை லேசரால் அடுக்கடுக்காக உருக்கி) அச்சிட்ட 6-4 பிராக்கெட்; 6-4 என்றால் 6 சதவீத அலுமினியம், 4 சதவீத வனேடியம் சேர்ந்த டைட்டானியக் கலவை. அடித்தட்டிலிருந்து அறுக்கும் முன் வெற்றிட உலையில் 650 டிகிரி செல்சியஸ், 3 மணி நேரம் போதும் என்பது என் கட்சி. உள்தகைவு (அச்சிடும்போது உலோகத்துக்குள் தேங்கும் இறுக்கம்) பெரும்பாலும் தணியும், வலிமையும் அதிகம் இறங்காது. 800-க்கு ஏற்றி உலோகத்துக்குள் இருக்கும் ஊசி வடிவப் படிகங்களைத் தடிக்க வைப்பது வீண்செலவு.

நுண்ணோக்கி:
தகைவு தணியும், சரி. படிகக் கட்டம் நிலைக்குமா? நொடிக்கு 410 டிகிரி வேகத்தைத் தாண்டிக் குளிர்ந்தாலே பீட்டா (உயர் வெப்பக் கட்டம்) முழுக்க மார்ட்டென்சைட் ஆகிவிடும்; அதாவது ஆல்பா பிரைம் என்ற ஊசி வடிவ, நிலையற்ற கட்டம். லேசர் உருகுகுட்டை அதைவிடப் பல மடங்கு வேகம். 4 சதவீத வனேடியமும் ஆல்பா பிரைமுக்குள் சிறைப்பட்டுக் கிடக்கிறது. அது வெளியேறினால்தான் பீட்டா பிறக்கும். 650-இல் வனேடியம் ஆமை நடைதான். ஊசி ஓரங்களில் நூலிழைபோல் கொஞ்சம் பீட்டா வரும். வரைபடத்தில் குறைந்தபட்ச நீட்சி (முறியும் முன் நீளும் அளவு) 10 சதவீதம் என்றிருந்தால் இது சூதாட்டம். 800-இல் 2 மணி நேரம் வையுங்கள்.

உலைவாசல்:
650-இல் வைத்த துண்டை எக்ஸ்ரே விளிம்புவிளைவில் (படிக அமைப்பைக் காட்டும் சோதனை) பார்த்தால், அறை வெப்பத்தின் வழக்கமான கட்டமான ஆல்பாதானே தெரிகிறது?

நுண்ணோக்கி:
ஆல்பாவும் ஆல்பா பிரைமும் அறுகோணம்தான். சிகரங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும். தாமிரத்தின் எக்ஸ்ரே கதிரில் 39.5 டிகிரி கோணத்துக்கு (2θ) அருகே பீட்டா சிகரம் எழுந்திருக்கிறதா என்று பாருங்கள்.

பட்டறைத்தூண்:
எவ்வளவு ஏற்றுவது என்றே ஏலம் விடுகிறீர்கள்; இறக்குவதைப் பற்றிப் பேச்சே இல்லை. சூடு ஏற ஏற பீட்டா பெருகும், மோரில் தண்ணீர் விட்ட மாதிரி அதிலுள்ள வனேடியம் நீர்த்துப்போகும். 900-இலிருந்து தண்ணீரில் முக்கினால் அந்த நீர்த்த பீட்டா திரும்பவும் மார்ட்டென்சைட்தான். உலையிலேயே ஆறவிட்டால் வனேடியம் பீட்டாவில் சேர்ந்துகொண்டே வரும். அறை வெப்பத்திலும் பீட்டா கலையாது.

உலைவாசல்:
இறக்கும் வேகம் பற்றிச் சொன்னது நியாயம். ஆனால் களைப்பு ஆயுள் (திரும்பத் திரும்ப வரும் சுமையைத் தாங்கும் காலம்) முக்கியமான பாகம் எப்படியும் ஹிப்புக்கு (சூட்டோடு எல்லாப் பக்கமும் வாயு அழுத்தம் கொடுக்கும் முறை) போகும்: 920 டிகிரி, 100 மெகாபாஸ்கல், 2 மணி நேரம். துளையும் மூடும், ஆல்பா பிரைமும் சிதையும். நடுவில் தனியாக 800 எதற்கு?

நுண்ணோக்கி:
ஹிப் உண்டென்றால் வேண்டாம், ஒப்புக்கொள்கிறேன். இல்லாத பாகத்துக்கு 800-ஐ விடமாட்டேன்.

பட்டறைத்தூண்:
எதுவானாலும் தெர்மோகப்பிளை (வெப்பம் அளக்கும் கம்பி) அடித்தட்டில் கட்டுங்கள். உலை 800 காட்டும்போது தடித்த தட்டு இன்னும் 700-ஐ ஒட்டித்தான் நிற்கும். தட்டு எட்டிய பிறகுதான் 2 மணி நேரக் கணக்கு.