விண்டோஸ் 11 போட்ட பிறகு எடைமேடை பிரிண்டர் ஓடவில்லை

கேள்வி: காவேரிப்பட்டணம் எடைமேடை

விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு ஆதரவு முடிந்துவிட்டது என்று கணினியில் விண்டோஸ் 11-ஐப் புதிதாகப் போட்டோம். அதிலிருந்து 24 ஊசி டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் (ஊசிகள் ரிப்பனில் குத்தி அச்சடிக்கும் வகை) நின்றுவிட்டது. பிரிண்டரில் கோளாறு இல்லை, செல்ஃப் டெஸ்ட் பளிச்சென்று வருகிறது. பழைய சிடியில் உள்ள டிரைவரைத்தான் (பிரிண்டரை இயக்கும் மென்பொருள்) கணினி ஏற்க மாட்டேன் என்கிறது. முன்பு இருந்தது 32 பிட் விண்டோஸ்.

லேசர் வாங்கச் சொல்லாதீர்கள். தோட்டக்காரருக்கு ஒன்று, கூழ் ஆலைக்கு ஒன்று, எனக்கு ஒன்று என மூன்று சீட்டும் ஒரே அடியில் கார்பனில் விழ வேண்டும். சந்தூரில் இருந்து டிராக்டரில் மாங்காய் ஏற்றி வருபவருக்கு அந்தச் சீட்டுதான் பணம். பெயரும் ஊரும் தமிழில் இருந்தால்தான் அவரே படித்துப் பார்த்து வாங்குவார்.

ஓசூர் கணக்கர்:

‘ஜெனரிக் / டெக்ஸ்ட் ஒன்லி’ டிரைவரைப் போட்டுப் பாருங்கள் சார். விண்டோஸிலேயே இருக்கிறது.

காவேரிப்பட்டணம் எடைமேடை:

போட்டேன். எடை, வண்டி எண் எல்லாம் வருகிறது. தமிழ் மட்டும் வரவில்லை.

தர்மபுரி சர்வீஸ்:

அது எழுத்துக் குறிகளை மட்டும் அனுப்பும் டிரைவர் அண்ணா. தமிழைப் படமாக வரைந்து அனுப்பும் டிரைவர் உங்களுக்கு வேண்டும்.

விண்டோஸ் 11-ல் 32 பிட் பதிப்பே கிடையாது. 64 பிட் விண்டோஸில் 32 பிட் டிரைவர் ஏறாது, பழைய விண்டோஸ் போல ஓட்டும் கம்பாட்டிபிலிட்டி மோடில் ஓட்டினாலும் அதே கதைதான். தயவுசெய்து கண்ட தளங்களில் ‘டிரைவர் அப்டேட்டர்’ இறக்காதீர்கள். வைரஸ் நுழைந்தால் சீசன் கணக்கு மொத்தமும் போய்விடும்.

இங்கே ஓடும் டாட் மேட்ரிக்ஸ் பலவற்றுக்கும் எப்சன் கட்டளைகள் புரியும். கையேட்டில் ‘எமுலேஷன்’ (வேறு பிரிண்டரைப் போல நடந்துகொள்வது) பகுதியைப் பார்த்து, பிரிண்டர் மெனுவில் எப்சனின் 24 ஊசி வரிசையான எப்சன் எல்கியூ என்று மாற்றுங்கள். அப்புறம் பிரிண்டரைக் கைமுறையாகச் சேர்த்து, போர்ட் யூஎஸ்பி001 கொடுத்து, பட்டியலில் ‘எப்சன் எல்கியூ சீரிஸ் 1 (80)’ எடுங்கள். அங்கே இல்லையென்றால் ‘விண்டோஸ் அப்டேட்’ பொத்தானை அழுத்திக் காத்திருங்கள், பட்டியல் நீளும். 9 ஊசி பிரிண்டர் வைத்திருப்பவர்கள் எப்சன் எஃப்எக்ஸ் வரிசையை எடுக்க வேண்டும்.

காவேரிப்பட்டணம் எடைமேடை:

தமிழ் வந்துவிட்டது தம்பி, மூன்று காப்பியிலும் தெளிவாக இருக்கிறது! ரொம்ப நன்றி. ஆனால் நடுவில் ஒரு சீட்டு வெறுமையாக ஓடுகிறது. போகப்போக எழுத்து மேலே ஏறி, கிழிக்கும் கோட்டில் விழுகிறது.

தர்மபுரி சர்வீஸ்:

சீட்டு 6 அங்குல உயரம்தானே? தாள் அளவு ஏ4-ல் நிற்கிறது. ஏ4 உயரம் 297 மி.மீ., உங்கள் இரண்டு சீட்டு சேர்ந்தால் 305 மி.மீ. அந்த 8 மி.மீ. ஒவ்வொரு முறையும் மேலே தள்ளுகிறது. விண்டோஸ் பிரிண்டர் அமைப்புகளில் ‘பிரிண்ட் சர்வர் ப்ராபர்ட்டீஸ்’ போய் 10-க்கு 6 அங்குலம் என்று புது ஃபார்ம் (தாள் அளவு) உருவாக்குங்கள். பிறகு பிரிண்டர் அமைப்பிலும், எடை மென்பொருளிலும் அதையே தேர்ந்தெடுங்கள். ஒன்றில் மட்டும் மாற்றினால் மறுபடி ஏ4-க்கே போய்விடும்.