நியூசிலாந்து போறேன், என்னா ரெடி பண்ணனும்?

ரப்பர்பால்:
மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துல இருக்கேன், ஆக்லாந்துல வெல்டிங் வேலை கெடச்சிருக்கு, ரெண்டு மாசந்தான் டைம், ஒன்னும் புரியல. ஈபிஎஃப் (தொழிலாளர் சேமநிதி) காச எடுத்துட்டுப் போலாமா? அம்மா வேற கருவாடு, ஊறுகான்னு பெட்டிய ரொப்ப ஆரம்பிச்சிட்டாங்க.

பழைய கங்காணி:
தம்பி, மொத்தமா எடுக்க 55 வயசாவணும், இல்ல குடியுரிமைய விடணும், வேலைக்குப் போறவனுக்கு அது எதுக்கு? கெடக்கட்டும், டிவிடன் வரும்ல. 2024லேர்ந்து ஈபிஎஃப்லயே அக்காவுன் ஃப்ளெக்சிபல்னு ஒரு தனி கணக்கு இருக்கு, அதுல உள்ளத மட்டும் எப்ப வேணாலும் எடுக்கலாம். நன்னடத்தை சர்டிபிகேட் கேட்டாங்கன்னா பாலாய் போலீஸ்ல (போலீஸ் ஸ்டேஷன்) போய் நிக்காத, விஸ்மா புத்ராதான் (வெளியுறவு அமைச்சு) குடுக்குது, ஆன்லைன்லயே போடலாம் லா.

ஈப்போ அக்கா:
சாப்பாட்டு சாமான் எதுவா இருந்தாலும் ஃபார்ம்ல சொல்லிடு தம்பி, மறைச்சா அங்கயே 400 டாலர் ஃபைன், நான் கட்டியிருக்கேன், அதும் ஒரு பிடி கறிவேப்பிலைக்கு! நம்ப பிளக் அங்க சேராது, அடாப்டர் வாங்கிக்க. ஜூன்லேர்ந்து ஆகஸ்ட் வரைக்கும் குளிரு, கம்பளி சட்டை இங்க பண்டல் கடையிலயே (பழைய துணி விக்கிற கடை) பாரு, மலிவு.

ரப்பர்பால்:
நன்றி அண்ணே, அக்கா. மத்ததெல்லாம் சமாளிச்சிருவேன், கருவாட்ட வெளிய எடுன்னு அம்மாகிட்ட யாரு சொல்றது?