ஜவுளி மில் ஆதரவில் சமகாலக் கலைக் கண்காட்சி: பணத்தையும் துணியையும் எப்படி எழுதி வாங்குவது?

திண்ணை_கோவை
ஆறு ஓவியர்களின் கண்காட்சி, கோவையில், மூன்று வாரம். நெசவு மில் ஒன்று (பிரைவேட் லிமிடெட்) 3 லட்சம் ரூபாயும் 400 மீட்டர் காடா (வெளுக்காத) துணியும் தர ஒத்துக்கொண்டிருக்கிறது. நாங்கள் பதிவு பெற்ற டிரஸ்ட். 12ஏ, 80ஜி (வருமான வரிச் சலுகைப் பதிவுகள்) இரண்டும் உண்டு. மில்லின் அக்கவுண்ட்ஸ் ஆட்கள் இதை சிஎஸ்ஆரில் (கம்பெனிகள் சட்டப்படி செய்ய வேண்டிய சமூகப் பொறுப்புச் செலவு) எழுதலாமா என்று கேட்கிறார்கள். மார்க்கெட்டிங் ஆட்களோ வாசலில் பெரிய லோகோ வேண்டும் என்கிறார்கள். துணியால் ஹால் சுவரை முழுக்க மூடப்போகிறோம்: சுற்றளவு 40 மீட்டர், உயரம் 3.6 மீட்டர். 400 மீட்டர் போதுமா? கடிதத்தில் எதையெல்லாம் குறிப்பிட வேண்டும்?

பேரேடு
அந்த இரண்டு ஆசையும் ஒரே ரசீதில் நிற்காது. பொருள், சேவைக்கு விளம்பரப் பலன் கருதிச் செய்யும் ஸ்பான்சர்ஷிப் சிஎஸ்ஆர் ஆகாது என்று விதியிலேயே இருக்கிறது. லோகோ பெரிதாக வேண்டுமென்றால் அது வணிகச் செலவு, அவ்வளவுதான்.

முதலில் மில் சிஎஸ்ஆர் வரம்புக்குள் வருகிறதா என்று கேளுங்கள்: முந்தைய நிதியாண்டில் நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இதில் ஏதாவது ஒன்றைத் தொட்டிருக்க வேண்டும். கம்பெனிகள் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் 'கலை, பண்பாடு' இருக்கிறது. கண்காட்சியை அதற்குள் கொண்டுவர மில்லின் போர்டு ஒப்புக்கொள்ள வேண்டும். உங்கள் பக்கம் 12ஏ, 80ஜி மட்டும் போதாது. சிஎஸ்ஆர்-1 பதிவு (சிஎஸ்ஆர் பணம் பெறும் அமைப்புகளுக்கானது) வேண்டும், இதுபோன்ற வேலையில் மூன்று வருட அனுபவமும் காட்ட வேண்டும். துணியை விலை போட்டு சிஎஸ்ஆர் செலவில் சேர்க்க முடியாது. பொருளாகக் கொடுப்பது கணக்கில் வராது என்று கம்பெனி விவகார அமைச்சகம் 2021 விளக்கத்திலேயே சொல்லிவிட்டது.

ஸ்பான்சர்ஷிப் என்றால் ஜிஎஸ்டி 18%. பணம் வாங்குவது டிரஸ்ட், கொடுப்பது கம்பெனி என்பதால் ரிவர்ஸ் சார்ஜ்: மில்லே கட்டும். (நீங்கள் கம்பெனியாக இருந்திருந்தால் 16-1-2025 முதல் நீங்கள்தான் பில்லில் போட்டு வாங்கிக் கட்ட வேண்டும்.) கடிதத்தில் '3 லட்சம், வரி தனி' என்று எழுதாவிட்டால் பின்னால் 18% உங்கள் பணத்தில்தான் கழியும். கொடையாளர் பெயரை நன்றிக்காக மட்டும் போட்டால் ஜிஎஸ்டி இல்லை என்று 2019 சுற்றறிக்கையைக் காட்டுவார்கள். அது தனிநபர் கொடையாளர் பற்றியது, கம்பெனிக்கு அதை நம்பி இறங்காதீர்கள்.

தறி63
துணிக் கணக்குக்கு வருகிறேன். 63 அங்குலக் காடா வெளுத்து வரும்போது சுமார் 58 அங்குலம்தான் நிற்கும், அதாவது 147 செ.மீ. இரு ஓரத்திலும் தையலுக்கு 2 செ.மீ. விட்டால் 143. நாற்பது மீட்டர் சுவருக்கு 28 பீஸ். ஒரு பீஸ் 3.6 மீட்டர், மேல் குழாய் நுழையவும் கீழ் மடிப்புக்கும் 30 செ.மீ., மீதிச் சுருக்கத்துக்குக் கொஞ்சம்: 4 மீட்டர். ஆக 112 மீட்டர். மடிப்பு விழுந்து தொங்க வேண்டுமென்றால் ஒன்றரை மடங்கு, 168. பத்து சதவீதச் சேதாரம் சேர்த்தாலும் 185. மில்லிடம் 200 மீட்டர் போதும் என்று சொல்லி, மீதி 200-க்குப் பதிலாக ப்ராசஸிங் கூலியை ஏற்கச் சொல்லுங்கள். அதுதான் உங்களுக்கு உண்மையான உதவி.

ஏனென்றால் காடாவை அப்படியே கட்டக் கூடாது. பாவில் (நீளவாட்டு நூலில்) போட்ட கஞ்சி அதிலேயே இருக்கும். மழை மாதத்தில் பூஞ்சை, அப்புறம் வெள்ளிப்பூச்சி. கஞ்சி எடுத்து, ஸ்கவரிங் (பசை, அழுக்கு நீக்கும் கழுவல்) செய்து, பெராக்சைடில் வெளுத்துக் கேளுங்கள். இரண்டு விஷயத்தைச் 'சேர்க்க வேண்டாம்' என்று ஆர்டரிலேயே எழுதவும். ஒன்று ஆப்டிகல் ப்ரைட்னர் (வெண்மை கூட்டும் ரசாயனம்): போட்டோவில் சுவர் நீலம் அடிக்கும், பக்கத்துப் படத்தின் வெள்ளை அழுக்காகத் தெரியும். இன்னொன்று சிலிகான் சாஃப்ட்னர்: டேப் ஒட்டாது, பெயின்ட்டும் பிடிக்காது.

10 கவுண்ட் நூலில் 200 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு கிராம்) அளவு இருந்தால்தான் பின்சுவர் தெரியாது. மீட்டருக்கு ஏறக்குறைய 295 கிராம். 168 மீட்டர் கிட்டத்தட்ட 50 கிலோ. கம்பிக்கு மீட்டருக்கு 1.25 கிலோ பாரம்தான், ஆனால் நைலான் கயிறு தொய்யும், ஜி.ஐ. பைப் போடுங்கள். சாயம் ஏற்றினால் முழுதும் ஒரே லாட்டில் (ஒரே தடவைச் சாயத்தில்) வர வேண்டும். இரண்டு லாட் கலந்தால் ஹால் லைட்டில் பட்டை பட்டையாகப் பிரிந்து நிற்கும். ஜிஎஸ்எம், சுருக்கம், சாய உறுதி எல்லாம் கோவை சிட்ரா ஜவுளி ஆய்வு நிலையத்தில் சோதித்துத் தருவார்கள்.

சுவருக்கும் துணிக்கும் 5 செ.மீ. இடைவெளி விடுங்கள், ஈரம் ஏறாது. படத்தைத் துணியில் தொங்கவிடவே கூடாது. பின்னால் சுவரில் ரீப்பர் (மரச்சட்டம்) அடித்து, துணியில் சிறு துளை வழியாகக் கொக்கி வரட்டும். தீ தடுப்புப் பூச்சில் உப்பு வகை மலிவு, ஆனால் காற்று ஈரத்தை இழுத்து ஆணியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு வெள்ளைத் துணியில் இறங்கினால் போகாது.

சுவரொட்டி
துணி சுவராக நிற்பதற்கு நல்ல முன்மாதிரி 2009-இல் பெர்லின் நோய நாட்சியோனால்கேலரி அருங்காட்சியகத்தில் நடந்த ஜெர்மன் கலைஞர் தாமஸ் டெமாண்டின் கண்காட்சி. மீஸ் வான் டெர் ரோ கட்டிய அந்த மேல்தள ஹாலில் சுற்றிலும் கண்ணாடி, படம் மாட்டச் சுவரே கிடையாது. காருசோ செயின்ட் ஜான் கட்டடக்கலைஞர்கள் கனத்த கம்பளித் திரைகளைச் சுவர்களாகத் தொங்கவிட்டார்கள். துணி டென்மார்க்கின் குவாட்ராட் கம்பெனியுடையது. அங்கே துணி கண்காட்சியின் அமைப்பாகவே ஆனது. மில்லின் மார்க்கெட்டிங் ஆட்களுக்கு இந்தப் படங்களைக் காட்டினால் வாசல் பேனர் பேச்சு பாதி அடங்கும்.

கடிதத்தில் நான்கு வரி விடாதீர்கள். பெயர் எங்கே, எத்தனை செ.மீ. உயரத்தில் வரும் (நுழைவுச் சுவரில் ஓவியர் பெயர்களுக்குக் கீழே, அவற்றைவிடச் சிறிதாக). ஹாலுக்குள் பேனர், ஸ்டாண்டி, துணி ஸ்டால் கிடையாது. படைப்புத் தேர்வில் மில்லுக்குப் பங்கில்லை. சாயக்கழிவு பற்றி யாராவது ஒரு படைப்பு வைத்தால் இந்த வரிதான் காப்பாற்றும். பணம் கையெழுத்தாகும்போது பாதி, திறப்புக்குப் பத்து நாள் முன் மீதி. திறப்பு விழாவுக்கு அப்புறம் தருகிறோம் என்பதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள், தச்சருக்கும் லைட்காரருக்கும் முன்பே கொடுத்தாக வேண்டும்.

திண்ணை_கோவை
மிக்க நன்றி. கண்காட்சி முடிந்ததும் துணியைத் திருப்பிக் கொடுத்தால் கணக்கு சுலபமாகுமா?

பேரேடு
ஆகும். விற்பனை அல்ல, திரும்பி வரும் சரக்கு என்று குறித்த டெலிவரி சலானில் அனுப்பச் சொல்லுங்கள். இலவசமாகவே கொடுத்துவிட்டால் அந்தத் துணிக்கு எடுத்த உள்ளீட்டு வரியை (மூலப்பொருள் வாங்கியபோது கட்டிய ஜிஎஸ்டிக்கு எடுத்த கழிவை) மில் திருப்பிக் கட்ட வேண்டும், அதை அவர்களிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். ஆனால் துளை போட்டு, வெட்டித் தைத்த துணியைத் திரும்ப எடுப்பார்களா என்று முதலில் கேட்டுக்கொள்ளவும்.

தறி63
எடுக்க மாட்டார்கள். இலவசம் என்றே எழுதுங்கள்.