ஐபிசெக் டனல் வழியா ஃபயர்வால் லாக் கோவைக்கு வரலீங்க, உதவி தேவை

திருப்பூர்க்காரன்:
வணக்கங்க. பெருந்துறை சிப்காட்டுல இருக்கற எங்க யூனிட்டுக்கும் கோவை ஆபீசுக்கும் ஐபிசெக் டனல் (இன்டர்நெட் வழியா என்கிரிப்ட் ஆகிப் போற தனி இணைப்பு) போட்டிருக்கேன். ரெண்டு பக்கமும் பிஎஃப்சென்ஸ் ஃபயர்வால். யூனிட் நெட்வொர்க் 192.168.20.0/24, கோவையில லாக் (பதிவு) சேத்து வெக்கற சர்வர் 192.168.10.25. யூனிட்ல எந்த சிஸ்டத்துல இருந்து பிங் அடிச்சாலும் சர்வர் கிடைக்குது. ஃபயர்வால் லாக் மட்டும் ஒரு வரி கூட வரல. சர்வர்ல டிசிபிடம்ப் (வர்ற பாக்கெட்டைக் காட்டற கருவி) ஓட்டி, லாக் வர்ற 514 போர்ட்டுக்கு யூனிட்ல இருந்து ஏதாச்சும் வருதான்னு மட்டும் முக்கால் மணி நேரம் பாத்தேன், திரை அப்படியே கெடக்குது. போன மாசம் யூனிட் ஃபயர்வால்ல டிஸ்க் போயி பழைய லாக் பூராவும் போச்சு. 180 நாள் லாக் வெச்சிருக்கணும்னு மத்திய அரசோட சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல்லயே உத்தரவு போட்டிருக்கு. கேட்டா எடுத்துக் காட்ட கையில ஒண்ணுமில்லீங்க.

ஈரோடு நெட்வொர்க்:
சர்வர்ல யுடிபி 514 திறந்திருக்குங்களா?

திருப்பூர்க்காரன்:
திறந்திருக்குங்க அண்ணா. கோவை ஃபயர்வால் லாக் அதே சர்வருக்கு ஒழுங்கா வருது.

பொள்ளாச்சி அட்மின்:
டனல்ல குத்தமில்லீங்க. சிஸ்டத்துல இருந்து போற பாக்கெட் 192.168.20.x முகவரியோட போகுது, ஃபேஸ் 2-ல (எந்த நெட்வொர்க் டனல்ல போகணும்னு சொல்ற செட்டிங்) சொன்னதோட பொருந்தி டனலுக்குள்ள நுழையுது. லாக்கை அனுப்பறது ஃபயர்வாலே. அது ரூட்டிங்கைப் பாத்து வான் (இன்டர்நெட் பக்கத்து) முகவரியைப் போட்டுக்கும். ஃபேஸ் 2-ல அந்த முகவரி இல்லாததால பாக்கெட் டனலை விட்டுட்டு நேரா இன்டர்நெட் பக்கம் போயிரும், அதுவும் என்கிரிப்ஷன் இல்லாம. அதான் எனக்குக் கவலையா இருக்கு. வான்ல பாக்கெட் கேப்சர் போட்டுப் பாருங்க, கண்ணால பாக்கலாம்.
ஸ்டேட்டஸ், சிஸ்டம் லாக்ஸ், செட்டிங்ஸ் போயி, ரிமோட் லாக்கிங்ல சோர்ஸ் அட்ரஸை லேன்னு (உள் நெட்வொர்க் பக்கம்) மாத்துங்க. முதல்ல டயக்னாஸ்டிக்ஸ் பிங்லயும் சோர்ஸை லேன் வெச்சு ஒருக்கா அடிச்சுப் பாத்துருங்க.

திருப்பூர்க்காரன்:
வந்துருச்சுங்க அண்ணா! வான் கேப்சர்ல நீங்க சொன்ன மாதிரியே 192.168.10.25-க்குப் பாக்கெட் வெளிய போயிட்டு இருந்துச்சு. லேன்னு மாத்தி சேவ் குடுத்ததும் 192.168.20.1-ல இருந்து வரி வரியா விழுகுது. ஆனா நேரம் அஞ்சரை மணி நேரம் பின்னால காட்டுதுங்களே?

பொள்ளாச்சி அட்மின்:
யூனிட் ஃபயர்வால் யுடிசி-யில (உலகப் பொது நேரம்) இருக்கும். ஜெனரல் செட்டப்ல டைம்ஜோனை ஏசியா/கொல்கத்தான்னு மாத்துங்க. லாக் அனுப்பற பழைய சிஸ்லாக் வடிவத்துல நேர மண்டலமே இருக்காது, சர்வரால தானாத் திருத்த முடியாதுங்க. இன்னொண்ணு, யுடிபி-ல போய்ச் சேந்துச்சான்னு பாக்காமத்தான் அனுப்பும், அதனால டனல் விழுந்த நேரத்து லாக் திரும்ப வராது. யூனிட் ஃபயர்வால்லயும் லாக் எழுதறதை நிறுத்தீராதீங்க.

திருப்பூர்க்காரன்:
மாத்தீட்டேனுங்க, நேரம் சரியா வருது. ரொம்ப நன்றிங்க அண்ணா.