அடிக்க வருபவருக்கு எங்கே வலிக்கிறது?

புதுச்சேரியிலிருந்து ஒரு செவிலியர்:

வில்லியனூர்ப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் ஒன்பது ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். எங்களிடம் பிரெஞ்சு ராணுவ ஓய்வூதியம் பெறும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். ஊர் வழக்கில் 'சொல்தா' (பிரெஞ்சுப் படைவீரர்) தாத்தா. முதுமை மறதி இருந்தாலும் யாரிடமும் வம்புக்குப் போகாத அவர், சென்ற மழைக்காலத்தில் திடீரென்று காபி டம்ளரை வீசினார், பக்கத்துக் கட்டில்காரரை அறைந்தார், வேட்டி மாற்றப் போன என் மணிக்கட்டை முறுக்கினார். கைகளைத் துண்டால் கட்டிலோடு கட்டிவிடலாம் என்றும் மனநோய் மாத்திரை கொடுக்கலாம் என்றும் பேச்சு எழுந்தது. எனக்கு மனம் ஒப்பவில்லை; மறதி நோயுள்ள முதியவர்களுக்கு அத்தகைய மருந்துகள் இறப்பு அபாயத்தைக் கூட்டுவதாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-இலேயே எச்சரித்திருக்கிறது.

மூன்றாம் நாள் இரவு அவர் அடிவயிற்றை அழுத்திப் பிடித்திருந்ததையும், வேட்டியில் வழக்கத்துக்கு மாறான வாடை வந்ததையும் கவனித்தேன். காய்ச்சல் இல்லை, ஆனால் வயதானவர்களுக்குத் தொற்று இருந்தும் உடல் சுடாமலிருப்பதுண்டு. பரிசோதனையில் சிறுநீர்த் தொற்று என்று தெரிந்தது. மருந்து தொடங்கிய ஐந்தாம் நாள், டம்ளரைத் தாமே கைநீட்டி வாங்கிக்கொண்டு "மெர்சி" என்று பிரெஞ்சில் நன்றி சொன்னார்.

அன்றிலிருந்து, யார் கை ஓங்கினாலும் அதற்கு முந்தைய அரைமணி நேரத்தில் நடந்ததை ஏட்டில் எழுதிவைக்கிறேன்: எந்தப் பக்கமிருந்து தொட்டோம், மலம் கழித்து எத்தனை நாளாயிற்று, காது கேட்கும் கருவி போட்டிருந்தாரா. சண்டைகளில் பெரும்பாலானவை பொழுது சாயும் நேரத்தில் நடப்பது அதில்தான் புலப்பட்டது. இப்போது ஐந்து மணிக்கே விளக்கேற்றித் தொலைக்காட்சியை அணைத்துவிடுகிறோம்.

கடலூரிலிருந்து ஒரு மகள்:

என் தாயார் மஞ்சக்குப்பத்தில் ஓர் இல்லத்தில் இருந்தபோது, குளிப்பாட்டும் பெண்ணைக் கடித்துவிட்டதாகச் சொன்னார்கள். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தேன். ஆடை முழுவதையும் களைந்துவிட்டு, முதல் செம்புத் தண்ணீரையே தலையில் ஊற்றினார்கள். வாழ்நாள் முழுவதும் பாவாடையை மார்புக்கு மேல் ஏற்றிக் கட்டிக் குளித்தவர் அவர். அடுத்த நாள் நானே அப்படிக் கட்டிவிட்டு, எதிரில் உட்கார்ந்து, "இப்போது காலுக்கு ஊற்றுகிறேன் அம்மா" என்று சொல்லிச் சொல்லி வெந்நீரைப் பாதத்திலிருந்து மேலே கொண்டுவந்தேன். முனகினார், அடிக்கவில்லை. தலைக்கு ஊற்றுவதை வேறொரு நாளுக்கு வைத்துக்கொண்டோம்.

அந்தப் பெண்ணையும் குறை சொல்ல மாட்டேன். எட்டு மணிக்குள் பன்னிரண்டு பேரைக் குளிப்பாட்டி முடிக்க வேண்டிய நிலையில் அவர் இருந்தார். முழங்கைக்குக் கீழே பல் பதிந்த தடம் கன்றிப்போயிருந்தது. அதற்கு மருந்து போட்டீர்களா என்று, நான் கேட்கும் வரை யாரும் அவரைக் கேட்டிருக்கவில்லை.