மாமியாரின் பிறப்புச் சான்று கைக்கு வந்துவிட்டது, அந்தக் குடும்பத்துக்கு எழுதலாமா?

மீனா_கார்க்:
கல்யாணமாகி அயர்லாந்தில் கார்க் நகரில் இருக்கிறேன். என் மாமியார் 1953இல் இங்கே பெஸ்பரோ இல்லத்தில் பிறந்தவர். கல்யாணமாகாமல் கர்ப்பமான பெண்களைக் கொண்டுபோய் விடும் இடம் அது. கன்னியாஸ்திரிகள் 1922 முதல் 1998 வரை நடத்தினார்கள். மாமியாரைக் கைக்குழந்தையாகவே தத்துக் கொடுத்துவிட்டார்கள். தத்துப் போனவர்கள் தங்கள் பிறப்புத் தகவலைப் பெற வழிசெய்த 2022ஆம் வருஷச் சட்டத்தின்படி விண்ணப்பித்து இப்போதுதான் அசல் பிறப்புச் சான்றைப் பார்க்கிறார். பெற்றவள் பெயர் இருக்கிறது, அப்பா கட்டம் காலி. தேடிப் பார்த்ததில் அந்த அம்மா பிறகு வேறொருவரைக் கல்யாணம் செய்து நாலு பிள்ளைகள் பெற்று, இறந்தும் போய்விட்டார். மரபணுச் சோதனையில் அந்தக் குடும்பத்துப் பேரன் என்று தோன்றும் ஒருவர் பொருந்தியிருக்கிறார். அந்த நாலு பேருக்கும் எழுத வேண்டும் என்கிறார் மாமியார். எழுதலாமா?

சங்கரன்_நெல்லை:
வேண்டாம் என்பேன். அந்த அம்மா சாகும்வரை வாய் திறக்கவில்லை. இப்போது பதில் சொல்லவும் ஆள் இல்லை. 1998இல் அயர்லாந்து உச்ச நீதிமன்றம் பெற்றவள் யார் என்று அறியப் பிள்ளைக்கு உரிமை உண்டு என்றது. ஆனால் தாயின் அந்தரங்கத்தையும் சேர்த்து எடைபோட வேண்டும் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. சான்று கிடைத்ததோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

வளர்மதி:
சங்கரன் சார், 'வாய் திறக்கவில்லை' என்று சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள். திறக்க யார் விட்டது? உள்ளே போனதுமே சொந்தப் பெயரை விட்டு வேறு பெயரில்தான் அந்தப் பெண்களைக் கூப்பிட்டார்கள். ரோஸ்கிரேயில் இதே சபை நடத்திய இன்னொரு இல்லத்தில் 1952இல் மகனைப் பெற்றவர் ஃபிலோமினா லீ. மூன்று வயதில் பையனை அமெரிக்காவுக்குத் தத்துக் கொடுத்துவிட்டார்கள். வளர்ந்தபின் அவன் அதே இல்லத்துக்கு வந்து அம்மாவைப் பற்றிக் கேட்டான். அம்மாவும் மகனைப் பற்றிப் போய்க் கேட்டார். ஒருவர் தேடுவதை மற்றவரிடம் சொல்லவே இல்லை. 1995இல் அவன் இறந்தபோது, அவன் விருப்பப்படி அந்த வளாகத்திலேயே புதைத்தார்கள். அம்மாவுக்குத் தெரிந்தது அதற்கும் பிறகுதான். இதைத் தாயின் அந்தரங்கம் என்கிறீர்களா?

சங்கரன்_நெல்லை:
ஃபிலோமினா தேடினார், அதனால் அவர் கதை வேறு. தேடாதவர்களும் இருந்தார்கள் இல்லையா? மீனா சொன்ன 2022 சட்டமே இதைப் பிரித்து வைத்திருக்கிறது. தொடர்பு வேண்டாம் என்று தாய் பதிவு செய்திருந்தாலும் சான்று கிடைக்கும். அதற்கு முன் விண்ணப்பித்தவரைத் தொலைபேசியில் கூப்பிட்டு அவள் விருப்பத்தை விளக்குவார்கள். அதாவது தகவல் வாங்குவது உரிமை, வீட்டுக் கதவைத் தட்டுவது உரிமை இல்லை. அந்த நாலு பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள்?

டிஎன்ஏ_கணேஷ்:
சண்டைக்கு நடுவில் ஒரு விஷயம். மீனா அக்கா, பொருத்தம் எத்தனை சென்டிமார்கன் (இருவருக்கும் பொதுவான மரபணுவின் அளவு)?

மீனா_கார்க்:
எண்ணூறு சொச்சம்.

டிஎன்ஏ_கணேஷ்:
அப்படியென்றால் அவசரப்படாதீர்கள். பாதிச் சகோதரரின் (அம்மா அப்பா இருவரில் ஒருவர் மட்டும் பொதுவானவர்) பிள்ளைக்கும் சித்தப்பா பெரியப்பா பிள்ளைக்கும் கிட்டத்தட்ட அதே அளவுதான் வரும். அவர் வயதைப் பாருங்கள், சான்றில் உள்ள குடும்பப்பெயர் அவர் குடும்ப மரத்தில் எங்கே வருகிறது என்று பாருங்கள். அம்மா வழி என்று உறுதியான பிறகு பேசலாம். அப்பா வழியாக இருந்தால் நீங்கள் எழுதப்போகிற வீடே வேறு.

சான்றையும் முழுசாக நம்ப முடியாது. வளர்த்தவர்களே பெற்றவர்கள் என்று பொய்யாகப் பதிந்த 126 வழக்குகள் ஒரே ஒரு தத்து நிறுவனத்தின் கோப்புகளில் கிடைத்ததாக 2018இல் அரசே சொன்னது. உங்கள் மாமியார் தத்துச் சட்டம் நடைமுறைக்கு வந்த 1953இலேயே முறைப்படி தத்துப் போனவர். அந்த வகையில் கொடுத்துவைத்தவர்.

வளர்மதி:
'என்ன பாவம் செய்தார்கள்' என்ற கேள்வியை மாமியாருக்கும் கேட்கலாமே சார். 2021இல் வந்த விசாரணை ஆணைய அறிக்கை இப்படிப்பட்ட 18 இடங்களைப் பார்த்தது. அங்கே இருந்த குழந்தைகள் சுமார் 57,000 பேர், அதில் இறந்தவர்கள் சுமார் 9,000. பெஸ்பரோவில் மட்டும் 900க்கு மேல். அதில் 64 குழந்தைகளை எங்கே புதைத்தார்கள் என்பதுதான் உறுதியானது. அங்கிருந்து உயிரோடு வந்த ஒருத்தி எழுபது வயதுக்கு மேல் 'எனக்குத் தம்பி தங்கை உண்டா' என்று கேட்கிறாள். அதையும் அடக்கி வாசி என்றால் எப்படி?

சங்கரன்_நெல்லை:
கேட்கட்டும் அம்மா, கேட்கவே கூடாது என்று சொல்லவில்லை. யார் வழியாகக் கேட்பது என்பதுதான் என் சந்தேகம். தெரியாத ஒருவர் முகநூலில் செய்தி போட்டு, 'நான் உங்கள் அக்கா' என்றால்?

மீனா_கார்க்:
முகநூல் எல்லாம் இல்லை சார். தத்து ஆணையமே தேடல் சேவை தருகிறது, கட்டணம் கிடையாது. சமூகப் பணியாளர்தான் முதலில் எழுதுவார். தொடர்பு விருப்பப் பதிவேட்டில் மாமியார் பெயரைச் சேர்த்துவிட்டோம். அந்தப் பக்கத்தில் யாராவது ஏற்கனவே பதிந்திருந்தால் அதிலேயே தெரிந்துவிடும்.

சங்கரன்_நெல்லை:
அது சரி. இன்னொன்று கேட்கிறேன், அந்த அம்மாவின் கணவர் இருக்கிறாரா?

மீனா_கார்க்:
இருக்கிறார் சார். தொண்ணூறு தாண்டியவர், மூத்த மகள் வீட்டில் இருக்கிறார்.

வளர்மதி:
ஐயோ. மீனா, இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டாமா! அப்போதும் எழுதத்தான் சொல்வேன், ஆனால் மூத்த மகள் வீட்டு விலாசத்துக்கு வேண்டாம். தபாலை யார் பிரிப்பார்களோ.

சங்கரன்_நெல்லை:
அவர் காலம் முடியும்வரை பொறுக்கலாம் என்பது என் கட்சி.

மீனா_கார்க்:
அதுவரை மாமியார் இருக்க வேண்டுமே சார். நாலு பேரில் ஒரு மகன் வெளியூரில் தனியாக இருக்கிறார். முதல் கடிதத்தை அவருக்கு மட்டும் அனுப்ப முடியுமா, உறையின் மேல் அலுவலகப் பெயர் இல்லாமல் இருக்குமா என்று பணியாளரிடம் கேட்கப்போகிறேன். கணேஷ், அந்தக் குடும்ப மரத்தை உங்களுக்குத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன்.